கப்பல்காரன் வந்தானா, செத்தானா

எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குச் சனிக்கிழமை தோறும் சாயங்காலம் பயிற்சி. பாட்டு கொஞ்ச நேரம்தான் ஓடும். மீதி முழுக்க சினிமா. இதைப் போதகரிடம் நாங்கள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இவ்வளவு நேரம் உட்கார்ந்து உழைக்கிற குழு வேறு எந்தச் சபையிலும் கிடையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஜஸ்டஸ் சார் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு பணிவு என்று சபையார் நினைத்தார்கள். மனுஷன் சிரிப்பை விழுங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற எங்களுக்குத்தான் தெரியும்.

ஜஸ்டஸ் சார்தான் குழுவின் தலைவர். தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். கறுப்பு வெள்ளையில் எடுத்தால்தான் அவருக்குப் படம். கலர் வந்த அன்றே சினிமாவை அடக்கம் பண்ணியாயிற்று என்பார். கீபோர்டு வாசிக்கிற பிரபின் சின்னப் பையன்தான், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனுக்குக் கொரியாக்காரன் பேய்ப் படம், ஜப்பான்காரன் பொம்மைப் படம், ஸ்பெயின்காரன் கொள்ளைப் படம். சொந்த ஊர் பாஷையில் எடுத்த எதுவும் ஆகாது. ஞானசெல்விக்குக் காதல் படம், அதிலும் மூக்கைச் சிந்த வைக்கிற காதல் படம். அவள் என் கூட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். அப்போது தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை.

நான் ரெஜிலா. தக்கலையில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்புப் படமும் கொலைப் படமும் போதும். ஒன்று என்னைச் சிரிக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் எவனாவது எவனையாவது வெட்ட வேண்டும். டிக்கெட் எடுத்து உள்ளே போய், இருட்டில் உட்கார்ந்து, தெரியாத எவளுக்கோ அழுதுவிட்டு வருவதற்கு எனக்கென்ன கிறுக்கா?

அந்தச் சனிக்கிழமையும் மற்றவர்கள் கிளம்பி நாங்கள் நாலு பேர் மட்டும் மிஞ்சியதும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது.

"படம்னா நெஞ்சப் போட்டுப் பிசையணும் கேட்டியா," என்றாள் ஞானசெல்வி.

"பிசையதுக்கு அது என்ன புரோட்டா மாவா?"

"கறுப்பு வெள்ளையில அழுதாத்தான் அழுகை," என்றார் ஜஸ்டஸ் சார். "கலர்ல அழுதா ஜலதோஷம் புடிச்ச மாதிரில்லா இருக்கு."

பிரபின் கீபோர்டை விட்டுத் திரும்பினான். "சார், கொரியாவுல ஒரு படம் இருக்கு. அதுல பேயே அழும்."

"பேய் எதுக்குலே அழுகு?"

"அதுக்க மாமியாரும் செத்து, அதே வீட்டுக்குப் பேயா வந்திருவா சார்."

ஜஸ்டஸ் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கொள்ளாமே, நல்லாருக்கே, அனுப்பி விடு," என்றார். அவர் கொள்கை அவ்வளவுதான்.

ஞானசெல்வி என்னை விடவில்லை. "ஏட்டி, உள்ளதச் சொல்லு. நீ ஒரு படத்துக்குக்கூட அழுததில்லையா?"

"ஒண்ணே ஒண்ணுக்கு. அதுக்குப் பொறவுதான் இந்தச் சோலியே வேண்டாம்னு தலைமுழுகினேன்."

"எது?"

"அந்தக் கப்பல்காரன் படம்."

படத்தின் பெயர் எனக்கு மறந்து வருடக்கணக்கு ஆகிறது. நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போகிற காலத்தில், வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் பார்த்தது. கப்பலில் வேலைக்குப் போனவனுக்காக ஒருத்தி கடற்கரையில் காத்துக் கிடப்பாள். கடைசியில் அவன் வரமாட்டான். அவனுடைய சட்டை மட்டும் கரையில் ஒதுங்கும். அவள் அதை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் காயப்போடுவாள். அவ்வளவுதான் படம். நான் மூன்று நாள் சோறு தின்னவில்லை. அம்மா எனக்குக் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது.

இதை நான் சொல்லி முடித்ததும் ஞானசெல்வி முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "எந்தச் சட்டை? அவன் சாவல்லியே," என்றாள்.

"என்னது?"

"அவன் வருவாம்லா! கப்பல் வரும், எல்லாரும் இறங்குவாங்க, கடைசியா இவன் வருவான். அவ ஓடிப்போயி கெட்டிப்புடிப்பான்னு பாத்தா, நல்லா நாலு ஏச்சு ஏசுவா. நீ வேற ஏதோ படத்தச் சொல்லுக."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று நாள் பட்டினி கிடந்தவளிடம் வந்து, நீ வேறு படத்துக்குப் பட்டினி கிடந்தாய் என்று சொன்னால் எவளுக்குத்தான் ஏறாது? "ஏட்டி, அவன் செத்ததுக்குக் கீழாநெல்லி குடிச்சவ நான்! எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். பாட்டின் மெட்டை முனகிப் பார்த்தோம், மெட்டு ஒன்றுதான். கலங்கரை விளக்கம், கிளி ஜோசியன், ஒற்றைக்கண் மாமன் எல்லாம் ஒன்றுதான். கடைசி மட்டும் அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"பந்தயம் வைப்போமா?" என்றாள் ஞானசெல்வி. "அவன் செத்ததா நீ காட்டு. அடுத்த வருஷம் பூரா ஞாயிற்றுக்கிழமை மீன்கறி எனக்க வீட்டுல இருந்து உனக்க வீட்டுக்கு வரும்."

"உயிரோட வந்ததா நீ காட்டு. எனக்க சரணத்த நீ பாடிக்கோ."

சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், மூளை பஸ்ஸைப் பிடித்து அடுத்த டிரிப்பில்தான் வரும். ஜஸ்டஸ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

அந்தச் சரணம் சும்மா சரணம் இல்லை. எங்கள் கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸ் ஆரம்பிக்கும்போது ஆலயத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். பின்வாசலில் ஒரே ஒரு பெண் மெழுகுவர்த்தியோடு நின்று முதல் பாட்டின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். அது எப்போதும் மேல்குரல் பாடுகிற சோப்ரானோக்காரிகளுக்கே போகும். நான் ஆல்ட்டோ, கீழ்க்குரல். பந்தலுக்குக் கால் மாதிரி. பந்தலை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள், காலை எவன் பார்க்கிறான்? இந்த வருடம்தான் ஜஸ்டஸ் சார் மனம் இரங்கி, பாட்டின் சுருதியை இறக்கி, "ரெஜிலா, இந்த மொற நீ பாடு," என்றிருந்தார். மெஷின் மிதிக்கும்போதும் அதுதான், மீன் கழுவும்போதும் அதுதான். யூடியூபில் நேரலையாக வரும், பார்க்காவிட்டால் ஊருக்கு வரும்போது வீட்டுக்குள் ஏற்றமாட்டேன் என்று கனடாவில் இருக்கிற மகள் ரெஜிஷாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அதைத்தான் ஒரு கப்பல்காரனுக்காகப் பணயம் வைத்தேன்.

படத்தின் பெயர் யாருக்கும் தெரியாததால் தேட வழியில்லை. பிரபின்தான் யோசனை சொன்னான். மெட்டை முனகினால் போதும், போனே பாட்டைக் கண்டுபிடித்துவிடுமாம். போனை மேஜை மேல் வைத்தான். நாங்கள் முனகினோம். போன் முழித்தது. இன்னொரு தடவை முனகினோம். வெள்ளைக்காரன் நாட்டுப் பாட்டு ஒன்றைக் காட்டியது.

"நாலு பேரும் நாலு பார்ட்டுல முனங்கினா அது என்ன செய்யும்?" என்றான் பிரபின். அப்போதுதான் கவனித்தோம். ஜஸ்டஸ் சார் அடியில் பேஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஆல்ட்டோ, ஞானசெல்வி சோப்ரானோ. பழக்கதோஷம். சரி, எல்லாரும் ஒரே குரலில் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காதல் பாட்டை உருகி உருகி முனகிக்கொண்டிருந்தபோது கதவில் நிழல் விழுந்தது. போதகர்.

"புதுப் பாட்டா?" என்றார்.

ஜஸ்டஸ் சார்தான், "பழைய பாட்டுதான் அய்யா. காத்திருத்தலைப் பத்தினது," என்றார்.

"நல்ல ஆழமா இருக்கு. கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கிற அட்வெந்து ஞாயிறுக்குப் பாடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்குகிறவரை பொறுத்திருந்து சிரித்தோம். ஞானசெல்விக்கு விக்கலே வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் போன் பாட்டைக் கண்டுபிடித்து, படத்தின் பெயரையும் காட்டிக்கொண்டு சும்மா கிடந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பெயரை யூடியூபில் போட்டுத் தேடினேன். கடைசிப் பத்து நிமிடம் தனியாகக் கிடைத்தது. சட்டை ஒதுங்கியது. அவள் அலசினாள். காயப்போட்டாள். "செத்துட்டான்! செத்துட்டான்!" என்று நான் கைதட்டியதைக் கேட்டு எங்கள் வீட்டுக்காரர் யார் யார் என்று பதறி ஓடி வந்தார். அதைப் போனில் பத்திரமாக இறக்கி வைத்துக்கொண்டேன். ஞானசெல்வியிடம் மூச்சு விடவில்லை. அவள் முதலில் ஆடட்டும், ஆடி முடித்ததும் காட்டிக் கவிழ்க்கலாம் என்பது என் திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னென்ன மீன் கேட்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். நெய்மீனில் தொடங்குவதாக இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஞானசெல்வி பிரபினின் லேப்டாப்பைத் தானே சுமந்துகொண்டு வந்தாள். முழுப் படமும் கிடைத்துவிட்டதாம். கதவைச் சாத்திவிட்டு, கடைசிப் பாகத்தை ஓட்டினான் பிரபின். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, போன் உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடற்கரை. கலங்கரை விளக்கம். அதே நாயகி. ஒற்றைக்கண் மாமன் அவளிடம் ஏதோ சொல்கிறான். சொன்னது மலையாளம்.

எனக்குக் காலாட்டம் நின்றது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. வடக்கே போனால் மலையாளப் படம், கிழக்கே வந்தால் தமிழ்ப் படம், இரண்டும் கூப்பிடு தூரம், இரண்டும் புரியும். படம் நினைவில் நிற்கும், அழுதது நிற்கும், யாருடன் போனோம், என்ன தின்றோம் என்பது நிற்கும். எந்தப் பாஷையில் பார்த்தோம் என்பது மட்டும் நிற்காது. ஒரே ஆட்களை வைத்து இரண்டு பாஷையிலும் எடுத்துவிட்டு, கடைசியை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றி வைத்திருக்கிறான் பாவி. நான் நாகர்கோவிலில் பார்த்தேன். அவள் எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் பார்த்திருக்கிறாள்.

"மலையாளத்துல பொழைக்கியான், தமிழ்ல சாவியானா?" என்றார் ஜஸ்டஸ் சார். "தலைகீழால்லா இருக்கு! மலையாளத்தானுவ ஒருத்தனையும் உயிரோட விடமாட்டானுவளே."

அதற்குள் திரையில் கப்பல் வந்துவிட்டது. ஆட்கள் இறங்குகிறார்கள். எல்லாரும் இறங்கியாயிற்று. பலகையை எடுக்கப் போகிறார்கள். அப்போது தோளில் ஒரு பையோடு அவன் வந்து நின்றான். அதே சட்டை. நான் கரையில் ஈரமாகப் பார்த்த அதே கட்டம் போட்ட சட்டை, உலர்ந்து, பித்தான் எல்லாம் சரியாக மாட்டி, உள்ளே ஆளோடு வந்து நின்றது. அவள் ஓடிப்போய், "இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தாய்" என்று ஏசத் தொடங்கினாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. முப்பது வருடமாகச் செத்துக் கிடந்தவன் என் கண் முன்னால் உயிரோடு வந்து நிற்கிறான். நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதேன். ஒரு சினிமாவுக்கு, கலர்ப் படத்துக்கு, மூன்று பேர் பார்க்க.

"கரையாதக்கா, அழாத," என்றான் பிரபின். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. என்னை அப்படி அவன் பார்த்ததே இல்லை.

ஞானசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் படம் பாத்துட்டு பாறசாலையில இருந்து பஸ்ஸுல வரும்போ எனக்க அவரு சொன்னாரு. பாத்தியா செல்வி, நானும் இதுபோல வந்திருவேன்னு. மறுவாரம் மஸ்கட்டுக்குப் போனாரு." மூக்கைச் சிந்தினாள். "இந்தக் கிறிஸ்மஸுக்கும் லீவு இல்லன்னுட்டாரு மக்கா."

அவள் வீட்டுக்காரர் ஜெயசிங் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டு, அடுத்த தடவை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். எல்லா தடவையும் அதையேதான் சொல்வார்.

என் கை கைப்பைக்குள் போயிருந்தது. போனை எடுத்து நீட்டினால் போதும், நான் சொன்னதும் சரிதான் என்று ஆகிவிடும். சரணம் என்னிடமே நிற்கும். ஆனால் அதற்கு, கரை ஒதுங்கிய அந்த ஈரச் சட்டையை இவளுக்கு நான் காட்ட வேண்டும். இவள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தனியாகப் படுக்க வேண்டும். எனக்கு மனது கேட்கவில்லை. கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி," என்றேன். "எனக்குதான் ஓர்மைப் பிசகு. வேற ஏதோ படத்த நெனச்சிட்டேன்."

"அப்பம் கீழாநெல்லி?" என்றார் ஜஸ்டஸ் சார்.

"அது மெய்யாவே காமாலையா இருக்கும் சார்."

அப்புறம் நடந்ததைச் சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது. ஞானசெல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு லேப்டாப்பை மூடினாள். ஜஸ்டஸ் சார் பெருமூச்சு விட்டுக்கொண்டு சுருதியை மறுபடி மேலே ஏற்றினார். போதாதென்று, தனியாக நின்று பாடுவதற்கு வெள்ளைப் பட்டில் பிளவுஸ் வேண்டும் என்று ஞானசெல்வி என் கடைக்கே துணியோடு வந்தாள். இடுப்பை ஒரு இஞ்சு இறுக்கித் தைத்தால் மேல்சுருதி எட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். சரியான அளவில்தான் தைத்தேன். ஹூக்குக்குப் பக்கத்தில் ஒரு நூல் முடிச்சை மட்டும் உள்பக்கமாக விட்டு வைத்தேன். குத்தாது, சும்மா அரிக்கும். அதுகூட இல்லையென்றால் நான் என்ன மனுஷி?

மகளுக்குப் போன் பண்ணி, தொண்டை சரியில்லை, இந்த வருடம் வழக்கம் போல நடுவில்தான் நிற்கிறேன் என்றேன். "அதுக்கென்னம்மா, அடுத்த வருஷம் பாடு," என்றாள். அவளுக்கு எல்லாம் லேசு.

கேரல் சர்வீஸ் அன்று விளக்கு அணைந்தது. பின்வாசலில் ஞானசெல்வி மெழுகுவர்த்தியோடு நின்று பாடினாள். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், நன்றாகப் பாடினாள். முடிச்சு அரித்த மாதிரியே தெரியவில்லை. மஸ்கட்டில் ஜெயசிங் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்தது சரிதான் என்று முதன்முறையாகத் தோன்றியது. இருட்டில் நின்றுகொண்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சர்வீஸ் முடிந்து ஆலய முற்றத்தில் கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். ஞானசெல்வி என்னைச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, உனக்க பைக்குள்ள போன்ல வச்சிருந்தத ஏன் காட்டல்ல?"

நான் கேக்கை மென்றுகொண்டே, "எது?" என்றேன்.

"சட்டை ஒதுங்குகத. நீ தேடி எடுக்காம இருப்பியா? உன்ன எனக்குத் தெரியாதா? கை பைக்குள்ள போனதையும் பாத்தேன், சும்மா வந்ததையும் பாத்தேன்."

"உனக்கு எப்பிடிட்டி சட்டை தெரியும்?"

"ரெண்டையும் நான் எப்பமோ பாத்தாச்சு. அவரு போன பொறவு ஒருநாள் டிவியில தமிழ்ல போட்டான். சட்டை வந்ததும் எனக்கு உயிரே போச்சு. மஸ்கட்டுக்குப் போன் போட்டு, உயிரோடத்தான் இருக்கியளான்னு கேட்டு அந்த மனுஷனக் கொன்னுட்டேன்."

"அப்பம் தெரிஞ்சேவா பந்தயம் வச்ச?"

"பின்ன? உனக்க சரணத்துல பாதியத் தாட்டின்னு கேட்டா நீ தருவியா? அவரு பாக்கதுக்கு ரெண்டு வரி பாடணும்னு எனக்கு ஆசை. கோவம் வந்தா நீ அந்தச் சரணத்தத்தான் பந்தயமா வைப்பன்னு எனக்குத் தெரியும். நான் ஒரு படத்தக் காட்டுவேன், நீ ஒரு படத்தக் காட்டுவ. ரெண்டுபேரும் சரின்னு ஆவும். ரெண்டு வரி நீ, ரெண்டு வரி நான்னு ஜஸ்டஸ் சார்கிட்ட சொல்லலாம்னு எல்லாம் பாத்து வச்சிருந்தேன். நீ என்னடான்னா திடீர்னு நல்லவளாயிட்ட. அதுவும் அந்த அழுகை அழுத பொறவு. எனக்கு எப்பிடி வாய் வரும், சொல்லு?"

நான் காப்பியைச் சுவர்மேல் வைத்தேன். பேசாமல் போனை நீட்டியிருந்தால் பாதிச் சரணம் எனக்கு. ஐம்பது வயதுக்கு ஒரே ஒரு தடவை ஒருத்திக்கு நல்லது செய்தேன், அதில் போனது அந்தப் பாதியும்.

"பஸ்ஸுல வரும்போ அவரு சொன்னது? அதாச்சும் உள்ளதா?"

"அது எனக்க பிள்ளைய மேல சத்தியமா உள்ளதுட்டி," என்றாள். சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது. நான் என் கேக்கில் பாதியைப் பிய்த்து அவள் வாயில் அடைத்துவிட்டு, பேசாமல் மென்று தின்னு சவமே என்றேன்.